பரோலோ, பார்பரெஸ்கோ ஒயின்கள் இரண்டும் ஒரே திராட்சைதானே? பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? புதிதாகக் குடிப்பவர் எதில் தொடங்கலாம்?

ஆமாம், இரண்டும் நெப்பியோலோ மட்டும்தான். வேறு திராட்சை கலக்கச் சட்டத்தில் இடமில்லை. வடமேற்கு இத்தாலியின் பியெமோன்டில், லாங்கே குன்றுகளில் விளைகிறது. ஆல்பா நகருக்குத் தென்மேற்கே பரோலோ, கிழக்கே பார்பரெஸ்கோ.

நெப்பியோலோ வீம்பு பிடித்த கொடி. முதல் ஆளாகத் துளிர்க்கும், கடைசியாகத்தான் பழுக்கும். அறுப்பு பெரும்பாலும் அக்டோபரில். அதனால் தெற்கு, தென்மேற்குப் பார்த்த சரிவுகள் அதற்கே. வடக்குச் சரிவில் நட்டுவிட்டுப் பரோலோ என்று விற்க முடியாது. அடிக்கணுக்கள் சரியாகக் காய்ப்பதில்லை, எனவே கவாத்தில் குட்டையாக வெட்டாமல் நீளமான கிளையாக விடுவார்கள். மற்ற சரிவுகளில் பார்பெரா, டொல்செட்டோ என்ற வேறு திராட்சைகள்.

மண்ணைப் பாருங்கள். பரோலோ பகுதிக்குள்ளேயே லா மோரா ஊர்ப் பக்கம் நீலச்சாம்பல் சுண்ணக் களிமண். ஒயின் வாசனையாக, சற்று மென்மையாக வரும். செரலுங்கா ஊர்ப் பக்கம் மணற்பாறை கலந்த இன்னும் பழைய மண். துவர்ப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். பார்பரெஸ்கோ தானரோ ஆற்றையொட்டித் தாழ்வாக, கொஞ்சம் வெப்பமாக இருப்பதால் முன்னதாகப் பழுக்கும். பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம் முதிர்ச்சி, அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்; பார்பரெஸ்கோவுக்கு 26, பீப்பாயில் 9. விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கு.

பலர் ஏமாறுவது நிறத்தில். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்தால் ஓரம் செங்கல் நிறத்தில் வெளிறித் தெரியும், 'லேசான ஒயின்' என்று நினைத்து ஒரு மடக்கு குடிப்பார்கள். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறு இழுக்கும். குளிர்ச்சியாகக் கொடுத்தால் இன்னும் மோசம், துவர்ப்பு தூக்கலாகும். 16 முதல் 18 டிகிரி சரி. இளம் பரோலோவை அகன்ற குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். 20 வருடப் பாட்டிலுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், வாசனை போய்விடும். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினால் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்புள்ள இறைச்சியோ, அந்த ஊர்க்காரர்கள் போல வெண்ணெயில் புரட்டிய தஜாரின் முட்டைப் பாஸ்தாவோ துவர்ப்பைக் கட்டும்.

தொடங்க 'லாங்கே நெப்பியோலோ' என்று சீட்டு ஒட்டியதை வாங்குங்கள். நீண்ட பீப்பாய்க் கட்டாயம் இல்லை, விலையும் குறைவு. பரோலோ தயாரிப்பவர்களே இளங்கொடிப் பழத்தில் செய்வதும் உண்டு. துவர்ப்பே ஆகாது என்றால் பார்பெரா, ஆனால் புளிப்பு தூக்கல். டொல்செட்டோ என்றால் 'குட்டி இனிப்பு'. பெயரை நம்பி வாங்காதீர்கள், அதில் சர்க்கரை இருக்காது.