மறந்தறியேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. ராத்திரியில் நான்தான் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். போனைத் திறந்தால் சொந்தக்காரர்கள் அனுப்பும் ‘எல்லாம் நன்மைக்கே’ படங்கள், பார்த்தாலே எரிச்சல். ஆனால் பாட்டி சொல்லிக்கொடுத்த ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ தேவாரத்தில் முதல் இரண்டு அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதைச் சொன்னால் மூச்சு சீராகிறது. கோயிலுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும். நம்பிக்கை இல்லாமல் சொல்வது பொய் இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பொய் இல்லை. அதைப் பாடிய நாவுக்கரசர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்று பாருங்கள். மருள்நீக்கியார் என்ற சொந்தப் பெயர் கொண்ட அவர், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவர். சூலை நோய் வயிற்றைப் பிடுங்க, தாங்க முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வருகிறார், அக்கா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, பண்ருட்டிப் பக்கம் கெடில ஆற்றங்கரையில் இருக்கிற வீரட்டானம் என்ற சிவன் கோயிலில் நின்று இந்தப் பதிகத்தைப் பாடுகிறார் என்கிறது பெரியபுராணம். நாவுக்கரசர் என்ற பெயரே அதற்கப்புறம் வந்ததுதான்.

இதே பதிகத்தின் ஆறாவது பாட்டில் ‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன்’ என்கிறார். நேற்றுவரை வேறு மடத்தில் இருந்தவர்! உரைகாரர்கள் இதற்குப் பல சமாதானம் சொல்வார்கள். எனக்குப் படுவது, சொல் முன்னால் போய்விட்டது, மனிதர் பின்னால் நடந்து வருகிறார். உங்கள் பதினைந்து வருஷமும் அப்படித்தான், அதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் படங்கள் எரிச்சலூட்டுவது ஏன் தெரியுமா? அவை உங்கள் வலிக்கு இடமே கொடுப்பதில்லை. இந்தப் பாட்டோ ‘நோய் எமனாக வந்திருக்கிறது, விலக்க மாட்டேன் என்கிறீர்களே’ என்று கடவுளிடமே முறையிட்டுத்தான் தொடங்குகிறது, அடுத்து ‘இதற்கு நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே’ என்கிறது. நீங்கள் மறந்த இரண்டு அடி இவை:

‘தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட
ஆற்றேன் அடியேன் அதிகைக் கெடில வீரட்டானத்துறை அம்மானே’

தோற்றாது என்றால் வெளியே தெரியாமல். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குடலோடு சேர்த்துக் கட்டி முடக்கிப் போடுகிறது. பகலெல்லாம் வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரி தனியாகப் படுத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். என் அம்மாவின் அறுவை சிகிச்சையின்போது மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் இந்த நாலு அடியையும் எழுதி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ‘ஆற்றேன்’ என்ற இடத்தில்தான் முதல் தடவையாக அழுகை வந்தது. என்னால் தாங்க முடியவில்லை என்று அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மருந்தும் பிசியோதெரபியும் அதுபாட்டுக்கு நடக்கட்டும், இத்தனை தடவை என்று எண்ணிக்கையெல்லாம் வேண்டாம். அப்பா விழித்திருந்தால் அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள், பாட்டி அவருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்தானே. மூன்றாவது அடியில் நாக்கு தடுமாறும். பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.