மேடையில் நிற்கக் கற்பது: இளம் இசைக்குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் திரைப்பாடல்களும் பக்திப் பாடல்களும் வாசித்துவரும் இளம் இசைக்குழுவினர் கேட்ட கேள்விகளுக்கு, கோயில் திருவிழா, திருமண வரவேற்பு, தீபாவளி விழா ஆகிய மேடைகளில் நெடுங்காலமாக ஒலியமைப்பும் மேடைப் பொறுப்பும் பார்த்துவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி (சாட்ஸ்வர்த், ஐவர் குழுவின் பாடகர்): ஐயா, நாங்கள் தவறில்லாமல் வாசிக்கிறோம், ஒலியும் நன்றாக இருப்பதாகவே சொல்கிறார்கள். ஆனாலும் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கூட்டம் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறது. எங்களிடம் என்ன குறை?

பதில்: குறை பாட்டில் இல்லை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பாட்டு முடிந்ததும் பாடகர் முதுகைக் காட்டிக்கொண்டு கீபோர்டுக்காரரிடம் ஏதோ கேட்பதும், கிட்டார்க்காரர் ஊருக்கே கேட்கும்படி சுருதி சேர்ப்பதும், டிரம்ஸ் வாசிப்பவர் பொழுதுபோகாமல் தட்டிக்கொண்டிருப்பதும், அடுத்தது எந்தப் பாட்டு என்று ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டன. அரை நிமிடம்தான் ஆகிறது; ஆனால் அந்த அரை நிமிடம் மேடையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கூட்டத்தின் கண் பக்கத்து நாற்காலிக்குப் போய்விடுகிறது, அதைத் திரும்ப அழைப்பதற்குள் அடுத்த பாட்டில் பாதி கரைந்துவிடுகிறது.

ஆகவே பாட்டை ஒத்திகை பார்ப்பதுபோலவே இடைவெளியையும் ஒத்திகை பாருங்கள். பாட்டுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொருவர் காலடியிலும் ஒட்டி, எந்தச் சுருதி, கேப்போ (சுருதியை உயர்த்தக் கிட்டார்க் கழுத்தில் மாட்டும் கவ்வி) வேண்டுமா, எண்ணித் தொடங்குபவர் யார் என்பவற்றையும் அதிலேயே குறித்துவிடுங்கள். கிட்டார்க்காரர் ஒலியை அடைத்துக்கொண்டு சுருதி பார்க்கும் டியூனர் பெடல் ஒன்றை வாங்கட்டும்; புதிய கிட்டாரைவிட அதுதான் உங்களுக்கு முதலில் தேவை. பாடகர் பேசும்போது அடுத்த பாட்டின் சுருதியைக் கீபோர்டில் மெல்லப் பிடித்து நின்றால், பேச்சு முடிகிற இடத்தில் பாட்டு தானாகத் தொடங்கும். இவ்வளவும் செய்தபின், ஒத்திகை அறையின் பின்சுவரில் ஒரு கைப்பேசியைச் சாய்த்து முழு நிகழ்ச்சியையும் படம்பிடித்து, முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். காது கேட்கும்போது நாம் நம்மை மன்னித்துவிடுகிறோம். ஒலி இல்லாதபோதுதான் யார் தரையைப் பார்க்கிறார், யார் கொட்டாவி விடுகிறார் என்பது தெரியும்.

கேள்வி (ஃபீனிக்ஸ், கிட்டார்): எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டுமா? குர்தாவா, ஜீன்ஸா என்று குழுவில் சண்டையே நடக்கிறது.

பதில்: எதுவானாலும் சரி, ஆனால் ஒருவர் திருமணத்துக்கும் ஒருவர் கடற்கரைக்கும் வந்தவர்போல் நிற்கக் கூடாது. 1962இல் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் பீட்டில்ஸ் குழுவின் தோல் சட்டைகளைக் கழற்றவைத்து ஒரே மாதிரி கோட்டு அணிவித்ததையும், பாட்டு முடிந்ததும் சேர்ந்து குனிந்து வணங்கப் பழக்கியதையும் பலர் அறிவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; நம் குவாசூலு நடால் மாகாணத்தின் இசிக்கத்தமியா (கருவியில்லாமல் சேர்ந்து பாடும் சூலு இசை) பாடகர்கள் ஒரே நிறக் கோட்டும் பளபளக்கும் காலணியுமாக வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்தாலே, பாடுவதற்கு முன்பே ஒரு குழு தன்னைக் குழுவாகக் காட்டிக்கொள்ள முடியும் என்பது புரியும். உங்களுக்கு நான் சொல்வது ஒரே உடை அல்ல, இரண்டு நிறங்கள்: குர்தா அணிபவரும் சட்டை அணிபவரும் அந்த இரண்டு நிறங்களுக்குள்ளேயே நிற்கட்டும். பின்திரை கறுப்பென்றால் கறுப்பைத் தவிருங்கள், இல்லையேல் முகமும் கைகளும் மட்டும் மிதக்கும். நெருக்கமான மெல்லிய கோடுகள் உள்ள சட்டை வீடியோவில் அலையலையாக நெளியும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் விளக்குக்கு அடியில் கெட்டிப் பட்டு அணிந்தால் இரண்டாவது பாட்டிலேயே வியர்வைக் கறை தெரியும், பருத்தி நல்லது. மண்டபத்துக்குள் கறுப்புக் கண்ணாடி அணிவது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் உங்களிடம் உள்ள சிறந்த கருவியான கண்ணை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

கேள்வி (டொங்காட், பாடகி): அண்ணா, எனக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. வரிகளை ஆங்கில எழுத்தில் டேப்லெட்டில் வைத்துப் பாடுகிறேன். இதனால்தான் நான் உயிரில்லாமல் தெரிகிறேனா?

பதில்: ஓரளவு ஆம், தங்கச்சி, ஆனால் அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1860 நவம்பரில் இந்தியத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் இங்கே வந்து இறங்கியதிலிருந்து இத்தனை தலைமுறை கடந்தபின், இங்கே பாட்டாகவும் பூசையாகவும் தமிழ் நாவில் நிற்பதே பெரிது. சிக்கல் இரண்டு. ஒன்று, ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் தெரியாது, ல ள ழ வேறுபாடும் தெரியாது; பார்த்துப் பாடும் வரை உச்சரிப்பு ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு மாதிரி விழும். இரண்டு, பொருள் தெரியாமல் பாடும்போது முகம் எல்லா வரிக்கும் ஒரே பாவனையைக் காட்டுகிறது. தமிழ் தெரிந்த பாட்டிமார் முன்வரிசையில் இருந்தால் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது: தமிழ் அறிந்த ஒருவரை ஒவ்வொரு பாட்டையும் முதலில் பாட்டாக இல்லாமல் பேச்சாக நிதானமாகச் சொல்லச் செய்து பதிவுசெய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது கேள்வியா, கெஞ்சலா, கேலியா, வேண்டுதலா என்று ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். பல்லவியையும் முதல் சரணத்தையும் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள், ஏனென்றால் கூட்டம் உங்களை எடைபோடுவது அந்த இடத்தில்தான். டேப்லெட் இருந்தே ஆக வேண்டுமென்றால் இடுப்பு உயரத்துக்குக் கீழே, கிடைமட்டமாகச் சாய்த்து, ஓரமாக வைத்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். முகத்துக்கு நேராக நிற்கும் ஸ்டாண்டு உங்களுக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு சுவர். எழுத்தையும் மெல்லக் கற்றுக்கொள்ளுங்கள். சில மாதங்களில் வரக்கூடிய காரியம்தான்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எங்கள் பாடகர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாலே ஊளைச் சத்தம் வருகிறது. அசையாமல் நிற்கச் சொல்லவா?

பதில்: வேண்டாம், பிடிக்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற மேடை மைக்குகள் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் வாங்கும்படி செய்யப்பட்டவை. வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் தன்மை கெட்டு, நாலா பக்கத்து ஒலியும் உள்ளே போய் ஊளையிடும். பார்ப்பதற்கு அது ராப் பாடகர்போல் இருக்கலாம், ஆனால் ஒலியமைப்பாளரின் சாபம் நிச்சயம் கிடைக்கும். பாடகருக்கே ஒலி கேட்பதற்காகத் தரையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியை நோக்கியும், முன்னால் உள்ள பெரிய ஒலிபெருக்கிகளைத் தாண்டியும் மைக்கைக் கொண்டுபோகக் கூடாது. எதுவரை போகலாம் என்பதை ஒலிச்சோதனையின்போதே தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெரிபேங்க், பேஸ் கிட்டார்): நாங்களும் ஆட வேண்டுமா? ஆடினால் செயற்கையாக இருக்கிறது.

பதில்: செயற்கையாக இருந்தால் ஆடாதீர்கள். வெள்ளையரான பாடகர் ஜானி கிளெக் தம் ஜுலுக்கா குழுவில் சூலு ஆட்டம் ஆடியது மக்களைக் கவர்ந்ததற்குக் காரணம், அவர் அதைப் பதின்ம வயதிலேயே சூலு தொழிலாளர் விடுதிகளில் முறையாகக் கற்றிருந்தார் என்பதே. மேடைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல அது. இசிக்கத்தமியா பாடும் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவினரின் அசைவோ மிகச் சிறியது, பூனைபோல் மெல்ல வைக்கும் அடிகள்தான். எல்லோரும் சேர்ந்து வைப்பதால் அரங்கம் முழுவதும் அதைப் பார்க்கிறது. பேஸ் வாசிக்கும் நீங்கள் டிரம்ஸுக்கு அருகில் நின்று, முக்கியமான திருப்பங்களில் அவரை நிமிர்ந்து பார்த்தாலே போதும். ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள் என்பது கடைசி வரிசைக்கும் புலப்படும்.

மேடைக்குள் நுழைவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் பெற்ற தெருக்கூத்தில் வேடதாரி சும்மா வந்து நிற்பதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று முதலில் குரலையும் காலையும் மட்டும் காட்டி, எதிர்பார்ப்பை வளர்த்த பிறகே முகம் காட்டுகிறார். நம் இளைஞர்களோ கேபிளைக் கையில் சுருட்டியபடி, தண்ணீர்ப் புட்டியோடு ஒவ்வொருவராக வந்து, "ஹலோ, செக்" என்று தொடங்குகிறார்கள். கருவிகளை முன்பே பொருத்திவிட்டு இறங்குங்கள். பெயர் அறிவிக்கப்பட்டதும் சேர்ந்து ஏறுங்கள். முதல் ஒலி பேச்சாக இல்லாமல் இசையாக இருக்கட்டும்.

கேள்வி (டர்பன், குழுவின் தலைவி): தீபாவளி விழாவில் எங்களுக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். அதில் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் குழுவுக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைச் சுருக்கி, முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வந்தார்கள். நீங்களும் நான்கு பாட்டுக்கு மேல் எடுக்காதீர்கள், 18 நிமிடத்தில் முடியுங்கள். நேரத்தோடு இறங்கும் குழுவை அமைப்பாளர் மறுபடியும் அழைப்பார். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தாலும் வணக்கம் தமிழில் இருக்கட்டும், சூலு மக்கள் வந்திருந்தால் "சனிபோனானி" என்று சூலு வணக்கத்தையும் சேருங்கள். தொண்டை சரியில்லை, ஒத்திகைக்கு நேரமில்லை என்றெல்லாம் மன்னிப்புக் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது.

கேள்வி (வெருலம்): கோயில் மேடைக்கும் திருமணத்துக்கும் வேறு வேறு தோற்றம் வேண்டுமா?

பதில்: பாட்டும் உடையும் மாறலாம், நடத்தை மாறக் கூடாது. காவடித் திருவிழாவில் காலணியைக் கழற்றுங்கள், திரைப்பாட்டின் ஆட்டத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புரட்டாசியில் திருமண அழைப்புகள் குறையும். புதிய படங்கள் எடுக்கவும் பட்டியலைத் திருத்தவும் அந்த மாதத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (அதே குழு): படங்கள் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: மாலைச் சூரியன் சாயும் நேரத்தில், எல்லோர் முகமும் தெளிவாகத் தெரியும்படி, அகலவாக்கில் ஒன்றும் நெடுவாக்கில் ஒன்றும் எடுங்கள். தண்டவாளத்தில் நிற்கும் படம் வேண்டாம். ஆபத்தானது, எல்லோரும் எடுத்தும் விட்டார்கள். குழுவின் பெயர் கைப்பேசித் திரையில் சிறிதாக வந்தாலும் படிக்க முடிய வேண்டும்.

கேள்வி (சாட்ஸ்வர்த், டிரம்ஸ்): நடுப்பாட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வது?

பதில்: மின்வெட்டு முன்போல் இல்லையென்றாலும் இந்தக் கேள்வி தேவையானதுதான். அந்த நேரத்தில் குழுவின் தோற்றம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது: டிரம்ஸுக்கு மின்சாரம் வேண்டாம், ஆகவே தாளத்தை நிறுத்தாதீர்கள். பாடகர் மேடையின் விளிம்புக்கு வந்து, எல்லோருக்கும் தெரிந்த பல்லவி ஒன்றைக் கைதட்டலோடு பாடவைக்கட்டும். அதற்கான பாட்டை முன்பே முடிவுசெய்து வையுங்கள். அதற்குள் ஒருவர் ஆம்ப்ளிஃபயர்களை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் மின்சாரம் திரும்பும்போது எழும் வெடிச்சத்தம் ஒலிபெருக்கியைக் கெடுத்துவிடும். வந்தபின் மிக்சரை முதலிலும் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியிலும் போடுங்கள்.