தையில் சேர்ந்தவர் மாசியிலும் வர: ஜிம் மாஸ்டர்களுக்கான கேள்வி பதில்

கும்பகோணம்: பொங்கல் முடிஞ்சதும் கூட்டமா வந்து சேர்றாங்க சார். மூணாவது வாரம் பாதிப் பேரைக் காணோம். என்ன பண்றது?

முதல் நாள் என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்கு எடுத்ததும் ஐந்து செட் ஸ்குவாட் (நின்றபடி உட்கார்ந்து எழுவது) கொடுத்தால், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடை பிடித்துக்கொள்ளும். வீட்டுப் படியே இறங்க முடியாதவர் ஜிம்முக்கு எப்படி வருவார்? முதல் இரண்டு வாரம் 2 செட், செட்டுக்கு 10 முறை போதும். இன்னும் மூன்று நான்கு முறை செய்யலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள்.

அவருடைய பயிற்சி அட்டையில் இலக்கைக் கிலோவில் எழுதாதீர்கள். "வாரம் 3 நாள், காலை 6 மணி, 40 நிமிடம்" என்று எழுதுங்கள். கிலோ குறைவது அவர் கையில் இல்லை, வருவது அவர் கையில் இருக்கிறது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்றும் சொல்லாதீர்கள். லண்டனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. இதைச் சேரும் அன்றே சொல்லிவிடுங்கள். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் மூன்றாவது முறைக்கு முன் போன் செய்யுங்கள். "ஏன் வரலை?" என்றால் சாக்குதான் வரும். "எந்த நேரம் தோதுப்படும்?" என்று கேளுங்கள்.

தஞ்சாவூர்: 85 கிலோ அண்ணன் ஒருத்தர், பொண்ணு கல்யாணத்துக்குள்ள, ஒரே மாசத்துல 10 கிலோ குறையணும்னு நிக்கிறார்.

காலண்டரை எடுத்து அவர் எதிரிலேயே கணக்குப் போடுங்கள். வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் நல்ல வேகம். ஒரு மாதத்தில் 2 முதல் 4 கிலோ. 10 கிலோவுக்கு 10 முதல் 20 வாரம். முதல் வாரம் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். முன்கூட்டியே சொல்லாவிட்டால், அடுத்த வாரம் முள் நின்றதும் மனசு விட்டுப்போகும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றத்தில் தொடங்குங்கள். நாளைக்கு 4 டம்ளர் காபி, டம்ளருக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் 32 கிராம், ஏறக்குறைய 130 கலோரி. அதை டம்ளருக்கு ஒரு ஸ்பூனாக்கச் சொல்லுங்கள். காபியையே நிறுத்தச் சொன்னால் நாலு நாள் தாங்காது.

திருவாரூர்: வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் எடையையும் போட்டா போட்டி வரும்ல?

வேண்டாம் தம்பி. பட்டியலில் கடைசியில் இருப்பவர்தான் முதலில் வராமல் நின்றுவிடுவார். உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவதும் அவருக்குத்தான்.

மன்னார்குடி: குறுவை நடவு வந்தா விவசாயிங்க ஒன்றரை மாசம் வர்றதில்ல. அப்புறம் கூச்சப்பட்டுக்கிட்டு வராமலே போயிடுறாங்க.

குறுவைக்கு மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். தெரிந்த இடைவெளிதானே, மே மாதமே அட்டையில் "நடவு மாதத் திட்டம்" என்று எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் அவர் விட்டுப்போனவர் ஆகமாட்டார். வீட்டிலேயே வாரம் 2 நாள், 15 நிமிடம்: சுவரில் கை ஊன்றி புஷ்அப் 10, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது 10, பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) 20 விநாடி. இதை மூன்று சுற்று. நாளெல்லாம் குனிந்து நின்ற முதுகுக்கு, குனிகிற பயிற்சி எதுவும் வேண்டாம். திரும்பி வந்ததும் பழைய வெயிட்டில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

மயிலாடுதுறை: 55 வயசு அம்மா ஒருத்தங்க மூணு மாசமா தவறாம நடக்குறாங்க. எடை இறங்கலைன்னு அழுவுறாங்க சார்.

எடை மெஷினை ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள்மா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றி அளந்து எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு இந்த இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம், கூடவே 2 நாள் தசைப்பயிற்சி.

கால் பலம் கூடுகிறதா என்று பார்க்க, கையில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். முட்டி வலித்தால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். வீக்கம் இருந்தால் முதலில் டாக்டர். நாலு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே உயரத்தில் மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அந்த அம்மாவிடம் காட்டுங்கள்.