பாட்டி போனை வைப்பதற்கு முன்

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்த ஓர் அம்மா, உட்கார்ந்ததும் வீட்டுப் பத்திரத்தின் நகலைத்தான் முதலில் எடுத்தார். மகளின் மதிப்பெண் பட்டியலை நான் கேட்ட பிறகுதான் பையில் தேடினார். கரூர்ப் பக்கம் ஊர். கணவர் கொசுவலை நெய்யும் ஆலையில் மேற்பார்வையாளர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவு. தாய்மாமன் ஒரு தனியார் கல்லூரியில், செயற்கை நுண்ணறிவுப் பொறியியலுக்கு, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசி வைத்திருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு விடுதியோடு சேர்த்து 12 லட்சம். அதற்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். மகளுக்கோ அதில் விருப்பமில்லை, மனிதர்கள் பேசும் விதத்தைப் படிக்க வேண்டும் என்கிறாள்.

“இவளோ யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள் சார். பயமாக இருக்கிறது” என்றார்.

பயப்படாதீர்கள் என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் நோட்டை என் பக்கம் தள்ளினாள். நாற்பது பக்க நோட்டு. பாட்டியின் தொலைபேசிப் பேச்சுகள், அதிலும் கடைசி அரை நிமிடம் மட்டும். யாரிடம் பேசும்போது எத்தனை ‘சரி’, எத்தனை ‘அப்புறம்’ என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். சின்ன அத்தையிடம் மூன்று ‘அப்புறம்’. சம்பந்தி வீட்டாரிடம் ஐந்து. பால்காரரிடம் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில், “இரண்டாவது ‘அப்புறம்’ வந்த பிறகுதான் அத்தை பணம் கேட்கிறாள்” என்று ஒரு குறிப்பு.

அதைப் படித்ததும் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மா, அன்று உங்களிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் மகள் கண்டுபிடித்திருக்கும் இந்த விஷயத்தை 1973-ல் இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். தொலைபேசியை யாரும் திடுதிப்பென்று வைப்பதில்லை. ஒருவர் ‘சரி’ என்று வாசலைக் கொஞ்சம் திறந்துவைக்கிறார். சொல்லாமல் விட்டது ஏதேனும் இருந்தால் மற்றவர் அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். இருவருக்கும் ஒன்றும் இல்லையென்றால்தான் பேச்சு முடியும். உங்கள் நாத்தனார் பணம் கேட்பது அந்த வாசலில் நின்றுதான். உரையாடல் பகுப்பாய்வு என்ற துறையே இப்படித்தான் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை 1960-களில் சாக்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டதில் தொடங்கியது அது.

“பேசுவதெல்லாம் ஒரு படிப்பா?” என்று மாமா கேட்டாராம். தொல்காப்பியரிடம் கேட்கட்டும். ‘வினாவும் செப்பே வினாவெதிர் வரினே’ என்று சூத்திரமே இருக்கிறது. “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிடாமல் இருப்பேனா?” என்பதும் பதில்தான். கேள்விக்குக் கேள்வியே விடையாவதை இலக்கணமாக எழுதி வைத்த மொழியில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன். மரியாதைப் பேச்சு பற்றி இன்று உலகெங்கும் பாடமாக இருக்கும் கோட்பாட்டைப் பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கியபோது, அடிப்படையாக வைத்த மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். லெவின்சன் அந்தத் தமிழைச் சேகரித்தது கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். கரூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்.

இதனால் என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஜான் ஹெரிடேஜ் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். நோயாளி வந்த காரணத்தைச் சொன்னதும், “வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று மருத்துவர்கள் கேட்க வேண்டும். சிலர் ஆங்கிலத்தில் ‘எனி’ (any) என்ற சொல்லைப் போட்டுக் கேட்டார்கள், சிலர் ‘சம்’ (some) என்ற சொல்லைப் போட்டு. இரண்டாவது வகையில் கேட்டபோது, சொல்லாமலே நோயாளி திரும்பிப்போகும் குறைகள் 78 சதவீதம் குறைந்தன. ஒரே ஒரு சொல். இதே கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டால் நம் மக்கள் வாய் திறப்பார்கள் என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

பொறியியல், வணிகவியல் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் உறவினர்களே போதும். மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் மொழியியலுக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு வழி அதுதான். ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மொழியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே முதல் மூன்று ஆண்டுகளுக்கு உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசுக் கலைக் கல்லூரியே போதும். கணினி அறிவியல், புள்ளியியல், ஆங்கிலம், தமிழ் என எது கிடைத்தாலும் சரி. பைத்தான் நிரல்மொழியைக் கூடவே கற்றுக்கொள்ளட்டும். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி ஜவாஹர்லால் நேரு என்று இடங்கள் இருக்கின்றன. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறிவிட்டால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆய்வு செய்யும் பெண்ணுக்கு அவர்களே பணம் தருகிறார்கள். நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

வேலை? பல்கலைக்கழக ஆசிரியர் பணி அரிது, அதை நம்பி மட்டும் போகக் கூடாது. ஆனால் மாமா விரும்பும் செயற்கை நுண்ணறிவுக்கே இன்று தேவைப்படுவது இந்த நோட்டுதான். இந்திய மொழிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வுக்கூடம், மத்திய அரசின் பாஷினி மொழிபெயர்ப்புத் திட்டம், மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் எல்லாம் பேச்சைச் சேகரிக்கின்றன. எங்கே ஒருவர் முடித்தார், எங்கே இன்னொருவர் குறுக்கிட்டார் என்று குறிக்கக் காது வேண்டும். பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் முதல் சில ஆண்டுகள் சம்பளம் பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைப்பது போல இருக்காது. இதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

இதே ஆசையைக் காட்டி, ‘தகவல் தொடர்பியல்’ என்ற பெயரில் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. ஸ்டூடியோவையும் கேமராவையும் காட்டுவார்கள். உங்கள் மகள் கேட்பது அதுவல்ல. அங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

பத்திரம் விஷயத்தில் நான் இறங்கிவரமாட்டேன். 12 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய், வட்டி மட்டும். உங்கள் கணவரின் சம்பளத்தில் அது எவ்வளவு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு வீட்டை வைக்காதீர்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளானால், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வரும். இவர்கள் மகள் படித்தது தனியார் பள்ளி.)

அவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இது ஆர்வமா, கோடை விடுமுறைப் பொழுதுபோக்கா என்பது அதில் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுப் பேச்சை ஐந்து நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பிராட் என்ற இலவச மென்பொருளில் போட்டு, ஒலி அலையைப் பார்த்தபடி, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. மௌனத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசிய இடத்தில் அடைப்புக்குறி, இழுத்துச் சொன்ன எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி, மூச்சு வாங்கினால் அதற்கும் ஒரு குறி. உரையாடல் பகுப்பாய்வாளர் கெயில் ஜெஃபர்சன் வகுத்த முறை இது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். சலித்துவிட்டாள் என்றால் என்னிடம் தயங்காமல் சொல்லட்டும், வேறு யோசிப்போம்.

அதுவரை கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். இடம் போய்விடும் என்று மாமா சொல்வார். போகட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவரும் உட்கார்ந்து சாப்பிட்டால் நல்லது. நடுவில் புகுந்து பேசுகிறவர் ஒருவராவது இருந்தால்தான் அடைப்புக்குறி போட்டுப் பழக முடியும்.