அனிமே பிள்ளையோடு டோக்கியோ: கேள்வி பதில்

தலவாக்கலையில் பிறந்து, டோக்கியோவில் ஆறு வருடம் வேலை செய்தவன் நான். அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்), மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) என்று உயிரை விடும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போக நினைக்கும் நம் மலையகத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகனுக்கு 15 வயது. ஐந்து நாள்தான் லீவு. அனிமே கடைகள் நிறைந்த அகிஹபாராவிலேயே ரூம் எடுக்கவா? (ஹட்டன், ஒரு தாய்)

உயேனோ பக்கம் தங்குங்கள் அக்கா. நரிட்டா விமான நிலையத்தில் ஸ்கைலைனர் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உயேனோ. அங்கிருந்து அகிஹபாரா இரண்டாவது ஸ்டேஷன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்: அகிஹபாரா, நகானோ, இகெபுகுரோ, அப்புறம் ஜிப்லி என்ற அனிமே படக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கும் மிடாகா. ஐந்தாவது நாளை மகனிடமே விட்டுவிடுங்கள். இன்னொரு முறை போகணும் என்று அவன் கேட்கும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும்.

அகிஹபாராவுக்கு ஞாயிறு மதியம் போங்கள். பிரதான வீதியில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள், நடுரோட்டில் நடக்கலாம். காலையில் அவசரப்பட்டு ஓட வேண்டாம், பல கடைகள் பத்து பதினொரு மணிக்குத்தான் திறக்கும். பழைய பொம்மை, கிடைக்காத மங்கா தேடுகிற பிள்ளை என்றால் நகானோ பிராட்வே என்ற கடைத்தொகுதியில் அரை நாளாவது வேண்டும். மண்டராகே என்ற பழம்பொருள் கடை 1980இல் தொடங்கியது அங்கேதான். ஒரே கட்டடத்துக்குள் அதற்கு எத்தனையோ சிறு கடைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைப் பொருள்.

ஜிப்லி அருங்காட்சியகத்துக்குப் போயே ஆகணும் அண்ணா. டிக்கெட் அங்கே போய் எடுக்கலாமா? (நுவரெலியா, 16 வயது மாணவி)

முடியாது தங்கச்சி. வாசலில் டிக்கெட் விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்கு, அடுத்த மாத டிக்கெட்டுகளை இணையத்தில் விடுவார்கள். நமக்கு அது காலை ஆறரை. அப்பாவின் பேங்க் கார்டையும் நல்ல சிக்னலையும் முதல் நாள் இரவே தயார் பண்ணி வை. திகதி, நேரம், பெயர் எல்லாம் டிக்கெட்டில் இருக்கும், கடவுச்சீட்டையும் கொண்டுபோ.

உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதற்காகக் கவலைப்படாதே. வாசலில் உன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே ஓடும் குறும்படத்துக்கு இன்னொரு சீட்டுத் தருவார்கள். அதில் உண்மையான 35 மில்லிமீட்டர் படச்சுருளின் சின்னத் துண்டு இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஜிப்லி படக் காட்சி ஒன்று விரல்நகம் அளவில் தெரியும். அது உனக்கே சொந்தம், வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

அகிஹபாராவில் பிள்ளைகள் பார்க்கக்கூடாததும் இருக்கிறதாமே? (பதுளை, ஒரு தந்தை)

இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரே கடையின் மேல் மாடிகளில் பெரியவர்களுக்கான சரக்கு இருக்கலாம். படிக்கட்டிலோ திரைச்சீலையிலோ '18' என்ற எண் தெரிந்தால் அங்கே திரும்பிவிடுங்கள். இதைப் பயணத்துக்கு முன்பே பிள்ளையிடம் நேராகப் பேசிவிடுவதுதான் நல்லது. அங்கே கடை நடுவில் கையைப் பிடித்து இழுத்தால் இருவருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். மகள் என்றால் இகெபுகுரோவுக்கு முதலிடம் கொடுங்கள். அனிமேட் கடையின் தலைமைக் கிளையும், பெண் ரசிகைகளை நம்பியே வளர்ந்த ஒத்தோமே ரோடு என்ற கடைத்தெருவும் அங்கேதான்.

நாங்கள் சைவம். என்ன சாப்பிடுவது? (பண்டாரவளை, ஆசிரியை)

கஷ்டம்தான் டீச்சர். மரக்கறி மட்டும் போட்ட சூப், நூடில்ஸ் என்று தெரிந்தாலும் அடியில் 'தாஷி' இருக்கும். பெரும்பாலும் அது நம் மாசிக்கருவாடு போலக் காயவைத்த மீனில் எடுத்த சாறு. கடையில் 'தாஷி' என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். டோக்கியோவில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு, ஒரு நேரத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் அவல், பருப்புப் பொடி இருந்தால் மனசுக்குத் தைரியம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் புத்தாண்டு லீவு. மாதக் கடைசியில் தொடங்கும் அவர்களுடைய நீண்ட விடுமுறைக்கு முன்பே திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த பிள்ளை 35 பாகை வெயிலில், அந்தப் புழுக்கத்தில் வாடிவிடும்.

கைச்செலவுக்கு எவ்வளவு கொடுப்பது?

தொகையை நீங்கள் முடிவு பண்ணுங்கள், செலவைப் பிள்ளை முடிவு பண்ணட்டும். ஒன்று மட்டும் கவனம்: காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் கச்சாப்போன் மெஷின். ஒரு தடவைக்கு 300, 500 யென் என்று சத்தமில்லாமல் போய்விடும். அதற்கான 100 யென் காசுகளைக் காலையிலேயே தனிப் பையில் எண்ணிக் கொடுங்கள்.

எங்கள் அம்மாவும் வருகிறார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பேத்தியின் கார்ட்டூன் கடைகளில் அவருக்கு என்ன இருக்கிறது? (கொட்டகலை)

அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். தெருவுக்குத் தெரு பானம் விற்கும் மெஷின் நிற்கும். அதில் கிரின் கம்பெனியின் 'கோகோ நோ கோச்சா' போத்தல் தேநீரைத் தேடுங்கள். பாலோ எலுமிச்சையோ சேர்க்காத 'ஸ்ட்ரெய்ட் டீ' வகையில் நம் டிம்புள்ள பகுதித் தேயிலை சேர்கிறது. கொட்டகலையும் அந்தப் பகுதிதானே. அனிமே பார்த்துப் பேத்தி கொஞ்சம் கத்தக்கானா எழுத்துப் படித்திருப்பாள். போத்தலை அவள் கையில் கொடுத்து, லேபிளில் 'திம்புரா' (டிம்புள்ளவை அவர்கள் எழுதுவது அப்படித்தான்) எங்கே இருக்கிறது என்று தேடி அப்பாயிக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.