'சாமி கண்ணைக் குத்தும்'

கேள்வி: என் மகள் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள், நாங்கள் இந்துக்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மதத்தைக் கற்பிக்கும் வகுப்புக்கு, போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு 'மாரல் சயின்ஸ்' நடக்கிறது. அந்த நோட்டில், 'பொய் சொல்லக் கூடாது. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதி வந்திருக்கிறாள். இது மதப் போதனை ஆகாதா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த ஒரு வரிக்காக நீங்கள் கலங்க வேண்டியதில்லை. 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லித்தானே நம் வீட்டுப் பாட்டிகளும் நம்மை வளர்த்தார்கள்!

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது பிரிவு 28(3). மறைக்கல்வியைத் தனியே பிரித்ததன் மூலம் பள்ளி இதை மதித்திருக்கிறது. ஆனால் மாரல் சயின்ஸுக்கு யாரும் உங்கள் இசைவைக் கேட்பதில்லை. ஆகவே, எந்த வீட்டுப் பிள்ளையும் ஏற்கக்கூடிய காரணங்களைச் சொல்லும் பொறுப்பு அந்த வகுப்புக்குத்தான் கூடுதலாக இருக்கிறது. பொய்யை நம்பி ஏமாந்த தோழிக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கப் பழகிய குழந்தைக்கு, பின்னாளில் கடவுள் நம்பிக்கை தளர்ந்தாலும் அந்தக் காரணம் கையில் இருக்கும்.

இதற்காக இயேசு சொன்ன கதைகளே வகுப்பில் வரக் கூடாது என்று பொருளில்லை. மதங்களைப் பற்றி அறிந்துகொள்வது வேறு, மதப் போதனை வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இயேசுவின் கதையில், அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் என்ற வேற்றினத்தான் ஏன் உதவினான் என்று கேட்டால், அது எல்லோருக்குமான பாடம். இயேசுவை நீ எப்படி நம்ப வேண்டும் என்று கேட்டு அதற்கு மதிப்பெண்ணும் போட்டால், அது மறைக்கல்வி. நோட்டைவிடத் தேர்வுத்தாளைப் பார்த்தால் இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் குறை வேறொன்று. நாள் முழுவதும் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளை, பொய் ஏன் தவறு என்று பேசும் அந்த ஒரு பீரியடுக்கு மட்டும் மதவாரியாகப் பிரித்துவிடுகிறார்கள். பங்குகளில், அதாவது அந்தந்த வட்டாரத் தேவாலயங்களில், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடக்கும் வழக்கம் இருக்கையில், மாரல் சயின்ஸையாவது எல்லோருக்கும் பொதுவாக நடத்தலாமே என்று தலைமையாசிரியையிடம் கேளுங்கள். கத்தோலிக்கப் பெற்றோர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது.