பாரோ ரோபோ: உங்க கேள்விகளுக்குப் பதில்

ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்துல, டிமென்ஷியாங்கிற மறதி நோய் பிரிவுல நர்ஸா இருக்கேன். எங்ககிட்ட பாரோங்கிற ரோபோ இருக்கு, சீல்ங்கிற கடல் விலங்கோட குட்டி மாதிரி இருக்கும். அதைப் பத்திக் கேட்டவங்களுக்கு:

செந்தில்: அக்கா, ஏன் சீல்? நாய்க்குட்டியா செஞ்சிருக்கலாமே?

நாயும் பூனையும் எல்லாரும் வளர்த்தது தம்பி. ரோபோ கொஞ்சம் பிசகினாலும் 'இது பொய்'னு கை சொல்லிடும். சீல் குட்டியை மடியில வெச்சவங்க எத்தனை பேர்? ஜப்பான்ல தகனோரி ஷிபாடா 1993ல ஆரம்பிச்ச வேலை இது. தடவினா தலையைத் தூக்கிப் பார்க்கும், கண்ணை மூடித் திறக்கும், முனகும்.

கவிதா: பெரியவங்களைப் பொம்மை காட்டி ஏமாத்துற மாதிரி இல்லையா?

நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். 2012ல ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த கருத்துக்கணிப்புல, குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புல ரோபோவே கூடாதுன்னு 60 சதவீதம் பேர் சொன்னாங்க.

எங்க வார்டுல ஒரு பாட்டி, சாயங்காலமானா கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. ஒருநாள் பாரோவை மடியில வெச்சேன். போர்வை நுனியால அது முகத்தைத் துடைச்சாங்க. அதை சார்ஜ் போடுற வயர், குழந்தை வாயில வைக்கிற நிப்பிள் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துட்டு, "பசி போல, குடிக்கட்டும், சத்தம் போடாதீங்க"ன்னு எங்களை அடக்கினாங்க. மத்த நேரமெல்லாம் குளிப்பாட்டுறது, ஊட்டுறது எல்லாம் அவங்களுக்கு நாங்க செய்றோம். அந்த அரைமணி நேரம் அவங்க ஒரு உயிரைப் பார்த்துக்கிட்டாங்க. பார்க்க வந்த மகள் மட்டும் கண் கலங்கிட்டாங்க, "எங்கம்மா இப்படி ஆயிட்டாங்களே"ன்னு. ரெண்டு பேர் பார்த்ததும் உண்மைதான்.

ராஜன்: நிரூபணம் உண்டா?

உண்டு, ஆனா அளவா. பிரிஸ்பேன் இருக்கிற இதே குயின்ஸ்லாந்து மாநிலத்துல 28 இல்லங்கள்ல 415 பேரை வெச்சு சோதிச்சாங்க. முடிவு 2017ல வந்துச்சு. சிலருக்குப் பாரோ, சிலருக்கு ரோபோ வேலையை நிறுத்தி வெச்ச அதே பாரோ, மத்தவங்களுக்கு வழக்கமான பராமரிப்பு. பதற்றம் குறையறதுல அந்த அசையாத பொம்மையே கிட்டத்தட்ட அதே பலன் தந்துச்சு. பார்த்துப் பேசி ஈடுபடுறதுல அசையற பாரோ முந்திச்சு.

நசீமா: விலை?

அமெரிக்காவுல சுமார் 6,000 டாலர். அதனால முதல்ல ஒரு நல்ல துணிப்பொம்மை குடுத்துப் பாருங்க.

முருகேசன்: ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. நினைவெல்லாம் நல்லாவே இருக்கு. வாங்கித் தரலாமா மேடம்?

வேண்டாங்க. உங்கம்மாவுக்கு அது ரோபோன்னு தெரியும், அதை ஏன் அனுப்பினீங்கன்னும் தெரியும். பக்கத்துல பேச யார் இருக்காங்கன்னு முதல்ல அவங்ககிட்டயே கேளுங்க.